நீர் தொடும் வரை ஆட்டம்

நேற்றுப் பிற்பகல் பேருந்து காவிரிப் பாலத்தின் மீது ஏறியதும் அந்த மணம் சன்னல் வழியாக உள்ளே வந்தது. கோடை முழுதும் காய்ந்து கிடந்த மணலில் முதல் நீர் ஏறும்போது எழும் மணம். மண்ணும் சருகும் செத்த நத்தையும் கலந்த அதை நல்ல மணம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். என் அருகில் இருந்தவர் மூக்கைச் சுளித்தார். எனக்கோ கை தானாக எழுந்து ஒலிவாங்கியைத் தேடியது. மேட்டூரில் திறந்த நீர் வந்து சேர்ந்துவிட்டது, நண்பா. ஆட்டம் தொடங்க வேண்டிய வேளை. நீ இல்லை.

நான் களைத்திருக்கிறேன். உன்னிடம் இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஊர் ஊராக மேடை ஏறி இறங்கியதில் தொண்டை தேய்ந்துவிட்டது. பேசிய மறுநாள் காலையில் குரல் எழுவதில்லை. வெந்நீரும் பனங்கற்கண்டும் இல்லாமல் வாய் திறக்க முடிவதில்லை. சுவரொட்டிகளில் என் பெயருக்கு முன்னால் இடிமுழக்கம் என்று இன்னும் அச்சிடுகிறார்கள். வீட்டில் என் மனைவி அதைப் படித்துவிட்டு, “இடிக்கு இன்னிக்கு ரசம் போதுமா, கொழம்பும் வேணுமா?” என்று கேட்கிறாள். இந்தக் களைப்பு இன்னதென்று நான் விளக்காமலே அறிந்துகொள்ளக் கூடியவன் ஒருவன் இருந்தான். அவனும் போய்விட்டான் என்று எண்ணியபடி பாலத்தைக் கடந்தேன்.

உன்னை நான் அறிந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், பொன்மலையில். தொடர்வண்டிப் பணிமனையில் உனக்கு வேலை. பணிமனைக் கால்பந்து அணியில் நீ முன்கள வீரன். எதிரணியின் வலைக்குள் பந்தைச் சேர்ப்பது ஒன்றே உன் பொறுப்பு. அன்று ஒலிபெருக்கியில் ஆட்டத்தை விவரிக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட, கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் பெயர் வாங்கியிருந்த என்னை இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். அயற்சொல் ஒன்றுகூட நாவில் ஏறக் கூடாது என்று நான் உறுதி பூண்டிருந்த காலம். மூலை உதை, ஒறுப்பு உதை, அயல்நிலை என்று ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்திலேயே சொல் சமைத்து முழங்கினேன். கூட்டத்திலிருந்து ஒரு தொழிலாளி எழுந்து, “யோவ், ஆஃப்சைடுன்னு சொல்லுய்யா. என்ன ஆச்சுன்னு தெரியாம முழிக்கிறோம்ல” என்றார்.

ஆட்டம் முடிந்ததும் வியர்வை சொட்ட என் மேசைக்கு வந்தாய்.

“நீங்கதான் பேசுனதா? நான் கோல் போட்டப்ப என்னமோ சொன்னீங்களே.”

“வலை நிறைத்தான் என்றேன்.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் அடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க. சொன்னப்புறம் அடிக்காம இருந்தா உங்களுக்கு அசிங்கமாயிருமேன்னு அடிச்சேன்.”

அவ்வளவுதான். அந்த வாரத்திற்குள் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது. பிறகு ‘யோவ்’ வந்து நிலைத்தது.

பந்தை நெடுந்தொலைவு ஓட்டிச் செல்லும் வீரர்களைத்தான் கூட்டம் விரும்பும். நீ ஓடியதே குறைவு. தடுப்பாட்டக்காரர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ வலையின் தொலைக் கம்பத்தருகே, வழி தவறி வந்தவனைப் போல் நின்றிருப்பாய். பந்து வந்து இறங்கும். இடக்காலால் ஒரு தட்டு. “அடிக்கிறது என்ன பெரிய விசயமா? பந்து வர்றதுக்கு முன்னாடி அங்க போய் நிக்கணும். அதான் வேல” என்பாய். மாநில அணிக்கான பேச்சு உன்னைச் சுற்றி எழுந்த ஆண்டில், வெளியூர் ஆட்டம் ஒன்றில் வலைகாவலர் உன் முழங்காலின் மீது விழுந்தார். ஓர் ஆண்டு ஊன்றுகோல். பணிமனையில் நின்று செய்யும் வேலையிலிருந்து கோப்புகள் அடுக்கும் அறைக்கு உன்னை மாற்றினார்கள். “மூட்டு கதவு மாதிரி சத்தம் போடுதுய்யா. எண்ணெ விட்டாக் கூட நிக்க மாட்டேங்குது” என்று சொல்லிச் சிரித்தாய். உன் துணைவி சிரிக்கவில்லை. பீடத்தின் முன் மெழுகுதிரி ஏற்றுவதற்கென்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பின்தங்கி நிற்கத் தொடங்கியிருந்தாள்.

சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கால்பந்து மன்றம் ஒன்று தொடங்குவதாக நீ சொன்னபோது அந்த முழங்காலுக்கு ஒரு மருந்து தேடுகிறாய் என்றுதான் நினைத்தேன். மன்றத்தின் தலைமைப் பொறுப்புக்கு இயக்குநர் என்று பெயர் சூட்டி, அதைத் தாளில் அச்சடித்தும் கொடுத்தேன். அடுத்த வாரமே தாய்மார் இருவர் மகன்களுக்குப் பவுடர் பூசி, தலை சீவி, திரைப்பட வாய்ப்புக் கேட்டு உன் வீட்டு வாசலில் நின்றார்கள். “ஒன் தமிழால எனக்கு வந்த வாழ்வப் பாரு” என்றாய். ஆனால் அந்த இரண்டு பையன்களையும் அணியில் சேர்த்துக்கொண்டாய்.

நகரில் நமக்கென்று திடல் இல்லை. பணிமனைத் திடல் ஊழியர்களுக்கு மட்டும். கல்லூரித் திடல்கள் கல்லூரிகளுக்கு. நீ ஒருநாள் என்னைப் பாலத்தின் நடுவே நிறுத்திக் கீழே காட்டினாய். கோடைக் காவிரி, திருச்சிராப்பள்ளிக் கரைக்கும் திருவரங்கக் கரைக்கும் இடையே வெறும் மணல். “யாரு வீட்டு எடமும் இல்ல. யாரும் வரக்கூடாதுன்னு சொல்ல முடியாது” என்றாய்.

அப்படியே ஆயிற்று. கோயில் தெருக்களின் பிள்ளைகள் வடக்கிலிருந்தும், ஆசிரியர் வீட்டுக் கிறித்தவப் பிள்ளைகளும் தோல் மண்டி வணிகரின் இசுலாமியப் பிள்ளைகளும் தெற்கிலிருந்தும், துணி வெளுப்பவர்களின் பிள்ளைகள் படித்துறையிலிருந்தும் மணலுக்கு இறங்கினார்கள். திருவரங்கத்துத் தந்தை ஒருவர் உன்னிடம், “விளையாடட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா படி ஏறறதுக்கு முன்னாடி ஒரு முழுக்குப் போட்டுட்டு வரச் சொல்லும்” என்றார். “ஆத்துல தண்ணி இல்லையேங்க சாமி” என்றாய். “அதனால என்ன, ஊத்துத் தோண்டிக்கச் சொல்லும்” என்றார் அவர். பிள்ளைகள் ஊற்றுத் தோண்டினார்கள். அதில் ஒருவனும் குளிக்கவில்லை. எல்லோரும் குடித்தார்கள். நான் பல மேடைகளில் மூச்சடைக்கப் பேசி நிகழாத ஒன்று அந்தக் குழியருகே பேச்சின்றி நிகழ்ந்ததைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டிருக்கிறேன்.

அந்தத் திடலுக்கு ஒரே குறை, ஆண்டுதோறும் ஆறு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்தக் குறையிலிருந்துதான் நம் மன்றத்தின் பெருவிழா பிறந்தது. நீர் முக்கொம்பு அணையைத் தாண்டிய செய்தியை அப்பக்கத்திலிருந்து வரும் பால்காரர் காலையில் கொண்டு வருவார். உடனே மன்றத்தின் பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிவார்கள். மேற்கு வளைவில் நீரின் வெள்ளை விளிம்பு கண்ணில் பட்டதும் ஆட்டம் தொடங்கும். அந்த விளிம்பு நடந்துதான் வரும். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, எறும்புக் கூட்டத்தை முன்னால் விரட்டிக்கொண்டு, மணல் குடித்தது போக மிச்சமாக வரும். அது மேற்கு வலைக் கம்பத்தைத் தொட்டதும் நீ ஊதல் ஊதுவாய். ஆட்டம் முடிந்தது. வென்றவர் தோற்றவர் எல்லோரும் சேர்ந்து சவுக்குக் கம்பங்களைப் பிடுங்கித் தோளில் சுமந்து கரையேறுவார்கள். இடைவேளை கிடையாது, கடிகாரம் கிடையாது. இரு கரையிலும் பாலத்திலும் நின்று ஊரே பார்க்கும். ஒலிவாங்கி என் கையில் இருக்கும்.

நீர் வந்தபின் அடுத்த கோடைவரை மன்றத்திற்கு இடமில்லை. உன் முழங்காலை விட அதுதான் உனக்கு வலித்தது. நல்ல ஆட்டக்காரர்களை, திடல் வைத்திருந்த வேறு மன்றங்கள் அந்த இடைவெளியில் கூட்டிப் போயின. “அவனுகளத் தப்பு சொல்ல முடியாதுய்யா. கால வெச்சுக்கிட்டு எம்புட்டு நாள் சும்மா இருப்பான்?” என்பாய்.

அதனால்தான் அரிசி ஆலை முதலாளியிடம் போனேன். என் கட்சிக்கு வேண்டியவர். திருவரங்கக் கரையில், அவருடைய தென்னந்தோப்பை ஒட்டி மேடான நிலம் தரிசாகக் கிடந்தது. மன்றத்திற்கு அதை விட்டுக்கொடுக்க இசைந்தார். ஆண்டு முழுதும் ஆடலாம். அவர் கேட்டது ஒன்றுதான்: நீர் வரும் நாளில் ஊர் கூடியிருக்கும்போது அவர் முதல் உதை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்து, ஒலிவாங்கியில் நிலத்தை அறிவிப்பார். உன்னிடம் சொன்னபோது நீ என் இரு கைகளையும் பற்றிக்கொண்டாய்.

அந்த நாள் வந்தது. பிள்ளைகள் ஆற்றில் அணிவகுத்து நின்றார்கள். நாற்காலி போட்டு, மாலை வாங்கி வைத்து, பந்தில்கூட யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். முதலாளி வரவில்லை. உச்சிவெயில் சாய்ந்தது. என்னால் முடிந்தவரை பேசினேன். காவிரியின் தோற்றம், சோழர் கட்டிய அணை, கால்பந்தின் மாண்பு என்று நீட்டினேன். நீ ஒருமுறைகூட சாலைப் பக்கம் பார்க்கவில்லை. மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தாய். வளைவில் வெள்ளை விளிம்பு தெரிந்தது. ஊதலை வாயில் வைத்தாய். ஊதிவிட்டாய்.

ஆட்டம் சூடேறியபோது மகிழுந்து வந்து நின்றது. முதலாளி இறங்கி மணலில் கால் வைத்துக் காத்திருந்தார். அவருடைய ஆள் என் மேசைக்கு ஓடி வந்தார்.

“நிறுத்தச் சொல்லுங்க. ஐயா மொத ஒத ஒதைக்கணும்ல.”

நான் அறிவித்தேன். ஆட்டத்தைச் சற்று நிறுத்துமாறு மன்றத்தின் இயக்குநரைக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். ஆட்டக்காரர்கள் உன்னைப் பார்த்தார்கள். நீ தலையசைத்து ஆடச் சொன்னாய். மறுபடி அறிவித்தேன். நொண்டிக்கொண்டே என்னருகில் வந்து, ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாய்:

“தண்ணிய நிறுத்தச் சொல்லு. நான் நிறுத்துறேன்.”

“நிலம் போய்விடும்.”

“தெரியும்யா.”

திரும்பிப் போனாய். முதலாளி சிறிது நேரம் நின்றார். நீர் கம்பத்தைத் தொடும் முன்பே மகிழுந்து புறப்பட்டுவிட்டது. நாற்காலியை எடுக்க எவருக்கும் நினைவில்லை. நீர் அதைச் சாய்த்து மெல்லக் கிழக்கே கொண்டு போனது.

மறுநாள் ஆலைக்குப் போனேன். அவர் மோர் கொடுத்து நன்றாகத்தான் பேசினார். “அந்த எடத்துக்கு வேற யோசன இருக்குதுங்க” என்றார். அங்கிருந்து நேரே உன்னைத் தேடி வந்து, பொன்மலைத் தேநீர்க் கடையில் பலர் முன்னிலையில் மேடையில் பேசுவது போலவே உன்னிடம் பேசினேன். ஒரு மனிதர் பந்தைத் தொட்டுவிட்டுப் போவதற்குள் ஆறு என்ன நிறைந்துவிடுமா என்றேன். இத்தனை பிள்ளைகளின் எதிர்காலத்தை ஓர் ஊதலுக்காக விற்றுவிட்டாய் என்றேன். நீ தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டாய்.

“பேசி முடிச்சிட்டியா?”

“முடிக்கவில்லை.”

“சரி, நடுவுல ஒண்ணு சொல்லிக்கிறேன். ஆடிக்கிட்டிருக்கிறவன ஒருக்கா அவருக்காக நிறுத்திட்டேன்னு வையி. அப்புறம் அந்தத் திடல்ல விசிலு எங்கிட்ட இருக்காது. அவரு கார் வர்றப்பதான் ஆட்டம். அவரு மகன் வர்றப்பதான் ஆட்டம்.”

நான் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். ஓர் ஆண்டு உன்னைப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு நீர் திறந்த செய்தி வந்த அன்று தில்லை நகரில் என் வீட்டு வாசலில் நின்றாய். “மைக் செட்டு வாடகைக்கு எடுத்தாச்சு. பேசத்தான் ஆளு இல்ல. வர்றியா, இல்ல ரேடியோவ வெச்சு ஓட்டிரவா?” என்றாய். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

நீ செய்தது சரியென்று எழுத நான் இந்த மடலைத் தொடங்கவில்லை. மன்றம் தேய்ந்தது. மழைக்காலங்களில் பள்ளி முற்றங்களுக்காக நீ தலைமையாசிரியர்களின் அறைவாசலில் காத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலத்தில் முதலாளி திருமண மண்டபம் கட்டினார். நம் மன்றத்துப் பழைய ஆட்டக்காரன் ஒருவனின் திருமணமே அங்கு நடந்தது. நீயும் நானும் பந்தியில் அருகருகே உட்கார்ந்தோம். பாதி உணவில் உன் கை நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தாய், தூண்களை, சுவரை, சமையற்கட்டுக் கதவை.

“கிழக்கு கோலு இங்கதான் வந்திருக்கும்” என்றாய், இலையைப் பார்த்துக்கொண்டு.

சொல்லிக் காட்ட ஓர் ஆண்டு முழுதும் நான் சேர்த்து வைத்திருந்த சொற்கள் அந்த இலைக்கு முன்னால் ஒன்றும் எழவில்லை.

“பாயசம் வாங்கிக்க. நல்லாருக்கு” என்றாய் பிறகு.

நிலம் போனது உனக்கும் வலித்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். வலிக்காதவன் எடுத்த முடிவு என்று எண்ணித்தான் அத்தனை நாளும் சினந்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் மணல் அள்ளும் வண்டிகள் ஆற்றில் இறங்கின. திடல் இருந்த இடத்தில் பள்ளங்கள். எஞ்சிய துண்டு மணலில், கூடும் சிலரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோடையும் கம்பம் நட்டாய். சென்ற ஆண்டு தில்லை நகர் மருத்துவமனையில், மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். “தண்ணி எப்பத் தொறக்குறாங்களாம்?” அடுத்த வாரம் என்றேன். “அப்ப கம்பத்த எடுத்து வெயில்ல போடச் சொல்லு. ஈரம் ஏறியிருக்கும்.” கம்பங்களை வெயிலில் போட்டார்கள். நீர் வரும் முன் நீ போய்விட்டாய். உன்னைப் புதைத்துவிட்டு வந்தவர்களுக்கு ஆட மனம் வரவில்லை.

நேற்று அந்தப் பேருந்தில் நான் போனது அம்மா மண்டபச் சாலையில் ஒரு கூட்டத்திற்கு. என் தொழிலின் கமுக்கம் உனக்குத் தெரியும். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருப்பவர் தலைவர். அவருடைய வண்டி வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் பிடித்து வைப்பவன் பேச்சாளன். என் வாழ்வின் பெரும்பகுதி முழக்கம் இன்னொருவர் வருகைக்காக நீட்டப்பட்டதுதான். நேற்றும் பேசினேன். ஆற்று நீரைப் பற்றி, உழவரைப் பற்றி, சொல்ல வேண்டிய அனைத்தையும் சொல்லி முடித்தேன். இன்னும் பேசச் சொல்லிச் சீட்டு வந்தது. பின்னாலிருந்து பொறுப்பாளர் கிசுகிசுத்தார்.

“ஐயா, தலைவர் இன்னும் சமயபுரமே தாண்டலீங்க. கொஞ்சம் இழுங்க.”

முன்வரிசையில் சுமையுந்துகளில் ஏற்றி வரப்பட்ட பெண்கள், மடியில் குழந்தைகளோடு அமர்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கவனித்தேன், நான் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கவில்லை. மேடையின் ஓரத்திற்கு அப்பால், மாலை வெயில் இறங்கும் பக்கமாக, மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் சொல்ல வந்தது முடிந்தது. வணக்கம்” என்றேன். ஒலிவாங்கியை அதன் தாங்கியில் வைத்தேன்.

“என்னங்க ஐயா இது, தலைவர் வர்றதுக்குள்ள கூட்டம் கலைஞ்சிரும்ங்க.”

“கலையட்டும் தம்பி. அவங்களுக்கு வீட்டுல ஒல வைக்கணும்ல.”

என் வாயில் உன் பேச்சு வந்தது. இனி அந்த மேடைக்கு என்னை அழைக்க மாட்டார்கள். பெண்கள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொள்வதைப் பார்த்தபடி படியிறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தேன். நீர் பள்ளங்களை நிரப்பிவிட்டு, நாம் ஆடிய மணலின் மேல் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மேற்குக் கம்பம் நின்றிருக்க வேண்டிய இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, இருட்டும் முன் பேருந்து ஏறினேன்.

உன் ஊதல் உன் துணைவியிடம் இருக்கிறது. கம்பங்கள் யாரிடம் இருக்கின்றன என்று தெரியவில்லை. நான் வைத்திருப்பது சிறியது. இனி எந்த ஊரில் எந்த மேடையில் ஏறினாலும், வணக்கம் சொல்வதற்கு முன்பாக, மேற்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வேன்.